படிவத்தில் இல்லாத தண்ணீர்

பதினாலாவது ஆளுக்கும் கண் மஞ்சளாகிவிட்டது என்ற செய்தி வந்தபோது சங்கரேஸ்வரி தென்காசிப் பேருந்து நிலையத்தில் சுரண்டை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆடி மாதத்துத் தென்காசியில் அதை மழை என்று மதித்து யாரும் குடை விரிப்பதில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டால் போதும். போனில் பேசியவர் சுகாதார ஆய்வாளர் வல்லிநாயகம்.

“சிஸ்டர், இன்னைக்கு ஒண்ணு கூடியிருக்கு. மேலத்தெருப் பையன். கண்ணு ரெண்டும் பழுத்த மாம்பழம் கணக்கா இருக்கு.”

“டேங்குல குளோரின் பாத்தியளா சார்?”

“நேத்தும் பாத்தேன், முந்தாநாளும் பாத்தேன், இப்பவும் பாத்துட்டுத்தான் பேசுதேன். சரியாத்தான் இருக்கு. பாத்துப் பாத்து எம்மேலயே பிளீச்சிங் வாடை அடிக்கி. வீட்ல பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டேங்கா.”

மயிலப்பொத்தை சுரண்டைக்குப் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஊர். ஆறு வருடமாக அங்கே கிராம சுகாதாரச் செவிலியர் சங்கரேஸ்வரி. பிறந்தது சிவகிரி, குடியிருப்பது தென்காசி. ஆனால் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கொடுத்தாச்சு என்பாள் என்பதெல்லாம் அவளுக்கு மயிலப்பொத்தையில்தான் அத்துப்படி.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் எண்ணியது அந்தப் பதினாலு பேரை அல்ல, நாலு பேரை. ஊரில் மாசமாக இருந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் இசக்கிச்செல்வி ஏழாம் மாதத்தில் காமாலை கண்டு, நினைவு தப்பி, மூன்று நாளாகப் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. ‘ஈ’ வகைக் காமாலை. குடிக்கிற தண்ணீரில் மலம் கலந்தால் வருவது. மற்றவர்கள் ஒரு மாதம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். மாதம் ஏறிய பெண்ணுக்கு வந்தால் அப்படியில்லை. ஐந்தில் ஒருத்தி கைவிட்டுப் போகலாம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மிச்சம் நாலு பேர் ஊரில் இருந்தார்கள். அவர்களுக்கு வருவதற்குள் அந்தத் தண்ணீர் எது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

கண்டுபிடிக்கத்தான் படிவம் இருந்தது. ‘குடிநீர் எங்கிருந்து’ என்று தலைப்பு. கீழே ஐந்து கட்டங்கள்: பஞ்சாயத்துக் குழாய், கேன், கிணறு, ஆழ்குழாய், பிற. பதிமூன்று பேர் வீட்டிலும் கேட்டு எழுதிவிட்டாள். ஒன்பது வீட்டில் குழாய், நாலு வீட்டில் கேன். ‘பிற’ என்ற கட்டம் பதிமூன்றிலும் வெறுமையாகக் கிடந்தது. குழாய்த் தண்ணீரில் குற்றமில்லை. கேன் விற்கிறவர்கள் இரண்டு பேர். இரண்டு பேர் தண்ணீரையும் சோதித்தாயிற்று, அதிலும் குற்றமில்லை. கல்யாண வீடு, சடங்கு வீடு, ஐஸ் வண்டி, சர்பத் கடை எல்லாம் கேட்டாயிற்று. ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை.

பதினாலாவது படிவத்தையும் மேலத்தெருவில் எழுதி முடித்தாள். குழாய். பிற இல்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பக்கத்து வீட்டு வாசலில் பேச்சித்தாய் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எட்டுப் பேர். இடப்பக்கத்து வீட்டில் காமாலை, வலப்பக்கத்து வீட்டில் காமாலை, எதிர்வரிசையில் இரண்டு வீட்டில். நடுவில் இந்த எட்டுப் பேரும் பூசணிக்காய் கணக்காகத் திடமாக இருந்தார்கள்.

சீக்கு வந்த வீட்டையே இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தோம், வராத வீட்டைக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. படியில் உட்கார்ந்தாள்.

“பேச்சிக்கா, உங்க வீட்ல மட்டும் ஏன் யாருக்கும் வரல?”

“ஏன், வந்தாத்தான் உங்களுக்குத் திருப்தியோ?”

“அதுக்கில்லக்கா. எல்லாரும் குடிக்க அதே தண்ணியத்தான நீங்களும் குடிக்கிய?”

“அதே கொழாய்தான். அதே கொடந்தான்.”

“அவங்க போன எடத்துக்கு நீங்க போவாம இருந்தியளா? அவங்க சாப்பிட்டு நீங்க சாப்பிடாதது ஏதாவது உண்டா?”

பேச்சித்தாய் முறத்தை நிறுத்தினாள். “நாங்க எங்க போனோம்? எங்க வீடு துட்டி வீடுல்லா. மாமா தவறி ஆறு மாசந்தான ஆவுது. கும்பாபிஷேகத்துக்குக்கூட கோயில் வாசலை மிதிக்கல. ஊரே அன்னைக்கு அங்கன சாப்பிட்டுச்சு, நாங்க வீட்ல ரசம் வச்சிக் குடிச்சோம். தீர்த்தங்கூட வாங்கல.”

சங்கரேஸ்வரி அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நாள்களை எண்ணினாள். முப்பிடாதி அம்மன் கோயில் கும்பாபிஷேகம் நடந்து இன்றைக்கு முப்பத்தொன்பதாம் நாள். முதல் ஆளுக்குக் கண் மஞ்சளானது இருபத்தேழாம் நாள். காமாலைக் கிருமி உடம்புக்குள் போய் வெளியே தெரிய ஒரு மாதம் ஆகும். விருந்துச் சாப்பாட்டை அவள் ஏற்கனவே விசாரித்திருந்தாள். அன்று சாப்பிடாத இரண்டு பேருக்கும் காமாலை வந்திருந்ததால் அதைத் தள்ளிவிட்டிருந்தாள். தீர்த்தத்தை யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தாள். பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். குடிநீர் எங்கிருந்து? வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டில். பிற? பேனா நின்றது. கும்பாபிஷேகத்தன்று அவளும் வரிசையில் நின்று, வலது கையைக் குவித்து, மூன்று முறை வாங்கிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டவள்தான். அதை அவளே இந்தப் படிவத்தில் எழுதியிருக்க மாட்டாள்.

திரும்பி அதே மேலத்தெருப் பையன் வீட்டுக்குள் போனாள். “கோயில் தீர்த்தம் குடிச்சியளா?”

“அதக் குடிக்காம?” என்றாள் பையனின் தாய். “மண்டலம் முடியுற வரைக்கும் தெனம் குடுக்காவள்லா. கெடாம இருக்கும்னு பாட்டில்ல பிடிச்சும் வச்சிருக்கோம். குத்தாலத்துத் தண்ணியாச்சே, நாலு மூலிகை கலந்து வருது.”

“இப்பத்தான கேட்டேன். ஏன் சொல்லல?”

“நீங்க தண்ணியில்லா கேட்டிய?”

பதினாலு வீட்டிலும் மறுபடி ஏறி இறங்கினாள். பதினாலு பேரும் குடித்திருந்தார்கள். ‘பிற’ என்ற கட்டத்தில் பதினாலு முறை ‘தீர்த்தம்’ என்று எழுதும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுநாள் காலை வல்லிநாயகத்தின் பைக்கில் குற்றாலம் போனார்கள். தீர்த்தம் கொண்டுவந்த வேனின் டிரைவர் மாரிராஜ் சீசன் முடியும் மட்டும் அங்கேதான் சவாரி அடிப்பான். ஐந்தருவிக்குப் போகிற வழியில் வண்டி நிறுத்துமிடத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு திரிகிற கூட்டத்துக்கும் மங்குஸ்தான் கூடைகளுக்கும் நடுவில், ஸ்டியரிங் மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

“ஏலே மாரிராஜ், எந்தி,” என்று கதவைத் தட்டினார் வல்லிநாயகம்.

காக்கிப் பேன்ட்டைப் பார்த்ததும் அவன் காலை எடுத்தான். “சார், ஆர்.சி. புக்கு வீட்ல இருக்கு.”

“நான் அந்த டிபார்ட்மென்ட் இல்லடே. தீர்த்தம் எடுத்தியே, எங்கன எடுத்த?”

“அருவிக்கு மேல, கூட்டம் வராத எடத்துல. பூசாரி கூட இருந்தாரு. பூசை பண்ணித்தான் எடுத்தோம்.”

“எத்தன குடம்?” என்றாள் சங்கரேஸ்வரி.

“பதினோரு குடம் நர்ஸக்கா. ஆய்க்குடி வளைவுல ஒண்ணு சரிஞ்சிட்டு.”

“அப்போ பத்து.”

“பத்து.”

“கோயில்ல தீர்த்தம் நிக்கது ரெண்டாயிரம் லிட்டர் கறுப்பு டேங்குல. பத்துக் குடம் நூத்தம்பது லிட்டர் வருமா? நாப்பது நாளா ஊரே குடிக்கி. இன்னும் வத்தல. மிச்சத் தண்ணி எங்கேர்ந்து வந்தது?”

மாரிராஜ் அவளைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாமலா அரசாங்க உத்தியோகம் பார்க்கிறாள் என்ற வியப்புதான் இருந்தது.

“கோயில் கெணத்துலேர்ந்து மோட்டார் போட்டு ரொப்புனதுதான். கொறையக் கொறைய இப்பவும் ரொப்புதாவ. தீர்த்தத்தோட சேந்தா எல்லாம் தீர்த்தந்தானக்கா.”

கோயில் கிணற்றை அவர்கள் போய்ப் பார்த்தபோது வல்லிநாயகம் சுற்றுச் சுவரிலிருந்து காலடி வைத்து எண்ணினார். பதினோராவது அடியில் புதுச் சுவர் இடித்தது. கும்பாபிஷேகக் கூட்டத்துக்காகக் கட்டிய கழிப்பறைகள். ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு மூன்று, வாசலில் உபயதாரர் பெயரோடு கிரானைட் கல். பின்னால் மலக்குழி. குழிக்கு அடித்தளம் போடாமல் சிமென்ட் உறைகளை மட்டும் இறக்கியிருந்தார்கள்.

“கட்டுன கொத்தனாரு நல்ல பெரிய மனசுக்காரன்,” என்றார் வல்லிநாயகம். “கெணத்துக்கும் பங்கு குடுத்திருக்கான்.”

வட்டார மருத்துவ அலுவலர் போனில் கேட்டுவிட்டு, நோட்டீஸ் கொடுத்து டேங்கைப் பூட்டிவிடலாம் என்றார். டேங்கைப் பூட்டலாம்தான். ஆனால் இருநூறு வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிற பாட்டில்களை யார் பூட்டுவது? போலீஸ், பூட்டு என்று வந்தால் பாட்டில்கள் பீரோவுக்குள் ஒளியும். ஒளித்து வைத்ததைப் பயபக்தியோடு முதலில் குடிக்கக் கொடுப்பது மாசமாக இருக்கிற பெண்ணுக்குத்தான். நாற்பத்தெட்டாம் நாள், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, மண்டல பூஜை. முதல் கைத் தீர்த்தம் அன்று கர்ப்பிணிகளுக்கு என்று விழா நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தார்கள். ஊரே தானாக விட வேண்டும். அதற்கு ஊர் யார் பேச்சைக் கேட்குமோ அவரிடம் போக வேண்டும்.

சிவனணைந்தபெருமாள் விழாக் கமிட்டித் தலைவர். போலீசில் சார்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விறைப்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நாற்காலியில் இருந்தபடியே முழுவதையும் கேட்டார்.

“தீர்த்தத்துல பீ கலந்திருக்குங்கிய.”

“ஆமா அண்ணாச்சி.”

“சாட்சி?”

“பதினாலு பேரு.”

“பதினாலு பேரும் பஞ்சாயத்துத் தண்ணியும் குடிச்சிருக்கான். அதயும் குடிச்சான், இதயும் குடிச்சான்னா எதுல குத்தம்னு எந்தக் கோர்ட்டு ஒத்துக்கிடும்? இருபத்தெட்டு வருசம் கேஸ் எழுதுனவன் நான். சந்தேகத்தின் பலன் சாமிக்குத்தான்.”

வல்லிநாயகம் வாயைத் திறந்தார். சங்கரேஸ்வரி முந்திக்கொண்டாள்.

“சரி அண்ணாச்சி. நீங்களே விசாரிங்க.”

பையிலிருந்து இரண்டு சின்னக் கண்ணாடிப் பாட்டில்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் மருந்து தோய்த்த ஒரு தாள் இருந்தது. தண்ணீரை ஊற்றி மூடி இரண்டு நாள் வைத்தால் போதும். மலம் கலந்த தண்ணீர் கறுத்துவிடும், நல்ல தண்ணீர் அப்படியே இருக்கும். “ஒண்ணுல கொழாய்த் தண்ணி, ஒண்ணுல தீர்த்தம். நாங்க தொடல. நீங்களே பிடிங்க, நீங்களே சீல் வைங்க, உங்க பீரோவுலயே பூட்டுங்க. சனிக்கிழமை நீங்களே தெறந்து சொல்லுங்க. அதுவரைக்கும் டேங்கு மட்டும் பூட்டியிருக்கட்டும்.”

கிழவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தடயம் என்று வந்ததும் அவருடைய முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குப் போய்த் தீர்த்தத்தைத் தானே பிடித்தார். குழாய்த் தண்ணீரையும் தானே பிடித்தார். மூடிமேல் காகிதப் பட்டை ஒட்டி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டார். வல்லிநாயகத்தையும் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தார்.

அந்த இரண்டு நாளும் சங்கரேஸ்வரி சும்மா இருக்கவில்லை. நாலு பெண்களின் வீட்டுக்கும் காலையும் மாலையும் போனாள். பாட்டில்களைக் கேட்டு வாங்கி ஒரு வீட்டில் திட்டும் வாங்கினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் இசக்கிச்செல்வி வீட்டு வாசலில் ஆட்டோ நிற்பதைப் பார்த்து உள்ளே போனாள். மாமியார் தங்கத்தாய் மாற்றுத்துணி எடுத்துப் போக வந்திருந்தாள். கூடையில் துணி, பிளாஸ்க், ரொட்டிப் பாக்கெட். ஓரத்தில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு பாட்டில்.

“எப்படியிருக்கா ஆச்சி?”

“கூப்பிட்டா கண்ணு முழிக்கா. பேச்சில்ல.” தங்கத்தாய் பாட்டில் சாயாமல் துணியை முட்டுக் கொடுத்தாள். “அஞ்சு நாளா அவளுக்குத் தீர்த்தம் குடுக்கல. அதான் எடுத்துட்டுப் போதேன். கும்பாபிஷேகத்துலேர்ந்து தெனம் வெறும் வயித்துல அரை டம்ளர் நாந்தான் குடுத்தேன். குடிக்க மாட்டேன்னு ஒரு நாள் முகத்தச் சுளிச்சா. வைதேன். பிள்ளைக்காகக் குடின்னேன்.”

எத்தனையோ வீட்டில் எத்தனையோ செய்தி சொன்னவள் சங்கரேஸ்வரி. இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் வாக்கியம் சொல்லித் தரவில்லை. நாளைக்குப் பாட்டில் கறுத்தால் தெரியட்டும் என்று விட்டுவிடலாம். அதற்குள் ஆட்டோ பாளையங்கோட்டை போய்விடும்.

“ஆச்சி, அதக் கொண்டு போவாதீங்க,” என்றாள். பிறகு கிணற்றையும் குழியையும் பதினோரு அடியையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

தங்கத்தாய் அழவில்லை. கூடையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மஞ்சள் துணியைப் பிரித்து மடித்துத் தனியே வைத்தாள்.

“நாங் குடுத்தது,” என்றாள்.

“நீங்க தெரிஞ்சா குடுத்திய? நானும் அந்த வரிசையில நின்னு குடிச்சவதான் ஆச்சி.”

“நீ மூணு கை குடிச்சிருப்ப. நான் அவளுக்கு ஒரு மாசம் குடுத்தேன்.” பாட்டிலைத் தூரத் தள்ளி வைத்தாள். “இன்னும் எத்தன பிள்ளைய மாசமா இருக்கு?”

“நாலு.”

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சிவனணைந்தபெருமாள் பீரோவைத் திறந்தார். காகிதப் பட்டையைக் கண்ணருகே வைத்துத் தன் கையெழுத்தைச் சரிபார்த்தார். ஒரு பாட்டிலில் தண்ணீர் தெளிவாக இருந்தது. இன்னொன்று வண்டி எண்ணெய் போலக் கறுத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“கெணத்தப் பூட்டுவோம்,” என்றார். “டேங்கக் கவுத்துருவோம். குழிய எடுத்துருவோம். செலவு என்னது. ஆனா வெளிய ஒரு வார்த்தை போவக் கூடாது.”

“மைக்குல சொல்லணும் அண்ணாச்சி. ஒவ்வொரு வீட்லயும் பாட்டில் இருக்கு.”

“என்னன்னு சொல்லச் சொல்லுதிய? அம்மன் தீர்த்தம் கறுத்துப்போச்சுன்னா? சாமி குத்தம்பான். கும்பாபிஷேகம் சரியில்லம்பான். ரெண்டு கட்சியா நின்னு வெட்டிக்கிடுவானுவ. இந்த ஊரு தெரியாது உங்களுக்கு.”

“நாலு பேரு இருக்காவ அண்ணாச்சி. நான் தெனம் ரெண்டு நேரம் போயி நிக்கேன். நான் பஸ் ஏறுன பொறவு ராத்திரி எந்தச் சொந்தக்காரி என்ன குடுப்பான்னு நான் எப்பிடிக் காவல் காக்க? நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். மைக்கு இல்லைன்னா தெருத்தெருவா நின்னு சொல்லுவேன். ஊரு என்னைய அடிச்சாலும் சரி.”

“மிரட்டுதியளோ?”

“இல்ல அண்ணாச்சி. சொல்லிட்டுச் செய்யுதேன்.”

வல்லிநாயகம் மெதுவாகத் தலையிட்டார். “சிஸ்டர் சொன்னா செஞ்சிருவாங்க சார். எனக்குத் தடுப்பூசி பிடிக்காது, எனக்கே போட்டு விட்டுட்டாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நிழல் விழுந்தது. தங்கத்தாய் நின்றுகொண்டிருந்தாள். நேற்றே ஆஸ்பத்திரிக்குத் தன் மகளை அனுப்பிவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டிருந்தாள். கட்டிலில் இருந்தவரின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். அவர் அதை மறைக்கப் பார்த்துப் பிறகு விட்டுவிட்டார்.

“அண்ணாச்சி, மைக்க எங்கிட்ட குடுங்க. நான் சொல்லுதேன்.”

“நீ என்னத்தச் சொல்லுவ தங்கம்?”

“நடந்ததச் சொல்லுவேன்.”

கோயில் ஒலிபெருக்கி மயிலப்பொத்தையின் நாலு தெருவுக்கும் கேட்கும். பூசை நேரம், ரேஷன் அரிசி, தண்ணீர் வராத நாள், தொலைந்த ஆடு எல்லாம் அதில்தான் வரும். அன்று முதலில் கொஞ்ச நேரம் இரைச்சலும் ஒரு பெண் மூச்சு விடுவதும்தான் கேட்டது.

“நான் தங்கத்தாய் பேசுதேன். இசக்கிச்செல்வி மாமியா. எம் மருமவளுக்கு நான் தெனம் தீர்த்தம் குடுத்தேன். அவ இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கா. அதுல கெணத்துத் தண்ணிதான் இருக்கு, குத்தாலம் கொஞ்சந்தான். கெணத்துல கக்கூஸ் தண்ணி எறங்கியிருக்கு. அம்மன் மேல ஒரு குத்தமும் இல்ல. கக்கூஸ நாமதான் கட்டுனோம். அம்மனா கட்டச் சொன்னா? வீட்ல இருக்க பாட்டில யாரும் குடிக்காதிய. மாசமா இருக்க பிள்ளையளுக்குக் குடுக்காதிய. நாங் குடுத்துட்டேன். நீங்க குடுக்காதிய.”

பாட்டில்கள் வர ஆரம்பித்தன. முதலில் சிறுபிள்ளைகள் கையில், பிறகு பெண்கள் இடுப்பில். அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. தீர்த்தத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, கால் படுகிற இடத்திலும் ஊற்றக் கூடாது. ஊற்ற மாட்டோம் என்று பத்துப் பேர் பாட்டிலோடு நின்றுவிட்டார்கள். சங்கரேஸ்வரி அதில் வாதம் பண்ணவில்லை. கோயிலுக்குப் பின்னால், கிணற்றிலிருந்து தூரத்தில், வேலி கட்டிய வில்வமரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஊற்றச் சொன்னாள். ஒவ்வொருவரும் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொரு வீட்டின் பெயருக்கு நேராகவும் கோடு போட்டாள். இருட்டுவதற்குள் நூற்று எழுபத்தொரு வீடு. மறுநாள் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மிச்சம் நாற்பத்தொரு வீட்டிலும் ஏறினாள். துட்டி வீட்டிலும் ஏறினாள். பேச்சித்தாய், “எங்களுக்கும் கணக்கா?” என்றாள். “உங்களால வந்த கணக்குத்தானக்கா,” என்றாள் சங்கரேஸ்வரி.

அந்த வாரத்தில் இன்னும் ஆறு பேருக்குக் காமாலை வந்தது. எல்லாம் முன்பே குடித்தவர்கள். ஒவ்வொரு போனுக்கும் அவள் முதலில் கேட்ட கேள்வி ஆணா பெண்ணா என்பதுதான். நாலு பேரில் யாரும் இல்லை. புதன்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து தங்கத்தாயின் மகள் பேசினாள்: இசக்கிச்செல்வி கஞ்சி குடித்தாள், வயிற்றில் பிள்ளை அசைகிறது, மாமியார் எங்கே என்று கேட்டாள்.

மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை. தீர்த்தம் இல்லாமல் மண்டல பூஜையா என்று கமிட்டி ஒரு நாள் முழுக்கப் பேசியது. குற்றாலத்திலிருந்து புதிதாக இருபது குடம் எடுப்பது என்று முடிவாயிற்று. சங்கரேஸ்வரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அபிஷேகத்துக்கு எப்படியும் ஊற்றிக்கொள்ளட்டும். மனிதர் வாய்க்குப் போவது கொதித்துத்தான் போக வேண்டும்.

“கொதிச்சா அது வெந்நியில்லா? தீர்த்தம் எப்பிடி ஆவும்?” என்றார் பூசாரி.

“சாமிக்குப் பொங்கல் வைக்கிய. கொதிக்காமலா வைக்கிய?” என்றார் வல்லிநாயகம். “அது பிரசாதம்னா இதுவும் பிரசாதம்.”

பூசாரி யோசித்தார். கொஞ்சம் துளசியும் ஏலமும் போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மடப்பள்ளியில் மூன்று அண்டாக்கள் ஏறின. சங்கரேஸ்வரி அடுப்புக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆவி வந்ததும் இறக்கப் போன சமையல்காரரைத் தடுத்தாள். விளிம்பில் முத்து முத்தாக வந்ததும் இறக்கப் போனவரை மறுபடி தடுத்தாள். நடுவில் தளதளவென்று புரண்டு வந்த பிறகும் மூன்று நிமிடம் என்றாள். ஆறிய முதல் அண்டாவிலிருந்து நாலு டம்ளர் முகந்து, படியில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த நாலு பெண்களுக்கும் அவளே கொடுத்தாள். கடைசிப் பெண் பேராச்சி, நிறைமாதம், குடித்துவிட்டு, “ஏலக்கா தூக்கலா இருக்கு,” என்றாள்.

பத்து மணிக்கு ஒலிபெருக்கி நன்றி சொல்ல ஆரம்பித்தது. உபயதாரர்கள், நாதஸ்வரக்காரர், பந்தல்காரர், ஒவ்வொருவராக மேடைக்குப் போய்ப் பொன்னாடை வாங்கினார்கள்.

“அடுத்தபடியாக நமது ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்.”

மூன்றாவது அண்டா விளிம்பில் முத்து விட்டுக்கொண்டிருந்தது. அவள் எழவில்லை.

இரண்டாம் முறை அழைத்தார்கள். வல்லிநாயகம் மடப்பள்ளி வாசலில் தலையை நீட்டினார். அவர் தோளில் ஏற்கனவே ஒரு பொன்னாடை கிடந்தது. “சிஸ்டர், கூப்பிடுதாங்க. ஒரு நிமிசம் போயிட்டு வந்துருங்க, நான் பாத்துக்கிடுதேன்.”

“நீங்க பேச ஆரம்பிச்சா எறக்கிருவாங்க சார்.”

மூன்றாம் முறை அழைப்பு வரவில்லை. சிவனணைந்தபெருமாளே கையில் மடித்த பொன்னாடையோடு நேராக மடப்பள்ளிக்கு வந்து நின்றார். பின்னால் போட்டோக்காரர்.

“என்ன நர்ஸம்மா, ஊரு கூப்பிட்டா வர மாட்டியளோ?”

“இன்னும் கொதி வரல அண்ணாச்சி.”

“சரி, இங்கனயே போடுதேன்.”

“தோள்ல போட்டா அடுப்புல பட்டுரும். அந்தத் தேங்காக் கூடை மேல வைங்க.”

அவர் பொன்னாடையைத் தேங்காய்க் கூடை மேல் வைத்தார். போட்டோக்காரரைக் கையால் போகச் சொன்னார். அண்டாவின் நடுவில் தண்ணீர் ஒருமுறை புரண்டது, அடங்கியது, பிறகு தளதளவென்று எழுந்தது. சமையல்காரர் துணியை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“எவம்லே தொடுதது,” என்றார் சிவனணைந்தபெருமாள். சட்டைக் கையை மேலே ஏற்றி மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து இருபத்தொண்ணு. இன்னும் மூணு நிமிசம் இருக்கு.”